குரல் முதலில், சொல் பிறகு: பேச்சைப் படமாக்கும் கண்காட்சிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கும், பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்களுக்கும், கண்காட்சி நடத்தும் பாடசாலை அதிபர்களுக்கும்.

மதிப்புக்குரியோரே,

மைக்கின் முன்னால் ஒருவர் நின்று பேசுகிறார். அவர் பேசப் பேச எதிர்ச் சுவரில் கோடும் நிறமும் எழுத்தும் எழுகின்றன. அவர் நிறுத்தினால் படமும் நிற்கிறது, சிரித்தால் சிதறுகிறது. பேச்சைப் படமாக்கும் இந்தக் கலையைப் பிரதேச இலக்கிய விழாவிலோ பாடசாலைக் கண்காட்சியிலோ வைக்க நினைத்தால், விலைமனு கோருவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். சொல்லைக் கண்டுபிடித்துப் படம் போடும் ஆயத்தப் பெட்டியை வாங்காதீர்கள். குரலையே நேராகப் படமாக்கும் ஏற்பாட்டை முதலில் செய்யுங்கள். சொல்லைக் கண்டுபிடிக்கும் பகுதி வேண்டுமென்றால் அதை இரண்டாம் அடுக்காகப் பிறகு சேருங்கள்.

காரணம் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். "மறுகா என்னகா?" (பிறகு என்ன?) என்று ஒருவர் கேட்டால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் தமிழைப் பழகியதோ பெரும்பாலும் இந்தியத் தமிழ் ஒலிப்பதிவுகளில். பழக்கமில்லாத சொல் வந்தால் அவை "விளங்கவில்லை" என்று சொல்வதில்லை. ஒலியில் கிட்டத்தட்டப் பொருந்துகிற, தமக்குப் பழகிய வேறொரு சொல்லை எழுதிவிடும். சுவரில் விழுவது அந்த வேறு சொல்லும் அதற்கேற்ற படமும்தான். பேசியவர் தன் பேச்சில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு போவார். தமிழ்ப் பேச்சு வழக்குகளுக்குள் இலக்கிய வழக்கை மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் எழுதினார். அப்படிப்பட்ட பேச்சை அதன் சொந்த ஊர்ச் சுவரிலேயே ஓர் இயந்திரம் திருத்தி எழுத இடம் கொடுக்கக் கூடாது.

குரலைப் படமாக்குவதற்குச் சொல் தெரிய வேண்டும் என்பதே இல்லை. 1857இல் பாரிசில் ஸ்கொட் டி மார்டின்வில் காப்புரிமை பெற்ற கருவியில் இருந்தவை ஒரு புனல், ஒரு சவ்வு, ஒரு மெல்லிய மயிர். குரல் சவ்வை அசைத்தது; மயிர் புகைக்கரி படிந்த தாளில் கோடு கீறியது. அந்தக் கோட்டைத் திரும்ப ஒலிக்கச் செய்ய அவரிடம் வழி இருக்கவில்லை. 1860இல் அவர் கீறிவைத்த ஒரு பாட்டை 2008இல்தான் கணினி வழியாகக் கேட்க முடிந்தது. 1885இல் வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் வொட்ஸ் ஹியூஸ் குழாயின் வாயில் கட்டிய இறப்பர்ச் சவ்வின்மேல் மணலையும் பிறகு நிறக் குழம்பையும் இட்டுப் பாடி, பூவையும் இலையையும் ஒத்த உருவங்களை எடுத்தார். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் பேச்சின் ஒலிநிறமாலையை (எந்தச் சுருதி எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்ற விரிப்பை) படமாக வாசிக்கும் முறையை நூலாக வெளியிட்டார்கள். காது கேளாதவர்கள் பேச்சைக் கண்ணால் வாசிக்கலாம் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்புகளில் ஒன்று. அதே 1947இல்தான் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் வெளிவந்தது. சுரங்களை எண்ணாகவும் விகிதமாகவும் கணக்கிட்டுக் காட்டிய நூல் அது. ஒலியை அளந்து பார்க்கும் வேலை இந்தக் கரைக்குப் புதிதல்ல.

அண்மைக் காலத்தில் இரண்டு ஆக்கங்கள் உங்கள் கவனத்துக்கு உரியவை. மெக்சிக்கோ நகரில் 1968இல் மாணவர்கள் கொல்லப்பட்டதன் 40ஆம் ஆண்டு நினைவாக, 2008இல் கலைஞர் ரஃபாயேல் லொசானோ-ஹெம்மர் அதே சதுக்கத்தில் ஒரு மெகாஃபோனை வைத்தார். யாரும் வந்து பேசலாம். பேசும் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒரு தேடொளி வானில் மின்னியது. அந்த விளக்குக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மற்றையது கோலன் லெவினும் சக்கரி லீபர்மனும் 2002இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வைத்தது. பேசிய ஒலி இன்ன எழுத்தொலி என்று கணினிக்குப் போதிய நிச்சயம் இருந்தால் அந்த எழுத்து தோன்றும். நிச்சயம் இல்லையென்றால் அந்த ஒலியின் தன்மையை ஒத்த ஒரு வெற்று உருவம் தோன்றும். நாங்கள் உங்களிடம் கேட்பது இந்த ஒழுங்கைத்தான். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத இயந்திரம் வேண்டும்.

மின்சாரம் தேவைப்படாத ஒரு மேசையிலிருந்து தொடங்குங்கள். வாசலில் அது இருந்தால், உள்ளே சுவரில் நடப்பது என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையே வராது. 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் 30 சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை வெட்டி நிமிர்த்தி வையுங்கள். அடியை மூடியால் அடையுங்கள். பக்கத்தில் துளையிட்டு 50 மில்லிமீற்றர் குழாயை 40 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் செருகி, மூட்டைச் சுற்றிலும் பசை போடுங்கள். அந்தக் குழாய்தான் வாய் வைக்கும் இடம். மேல் வாயில் பெரிய பலூனின் தோலை இழுத்துக் கட்டி, இறப்பர்ப் பட்டியால் இறுக்குங்கள். தோலின்மேல் அரைத் தேக்கரண்டி ரவையையோ அரித்து நன்றாகக் காயவைத்த மெல்லிய மணலையோ தூவுங்கள். இணையத்தில் எல்லா இடத்திலும் உப்பைப் போடச் சொல்வார்கள். எங்கள் கடற்காற்றில் உப்பு அரை மணித்தியாலத்தில் ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும். அதன்பிறகு அது குதிக்காது, நகரும் அல்லது ஒட்டிக்கொள்ளும். ரவையே நல்லது.

இனி "ஊ" என்று தாழ்ந்த குரலில் தொடங்கி மெல்ல ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரும்பாலான சுருதிகளில் ரவை வெறுமனே நடுங்கும். ஏதோ ஒரு சுருதியில் திடீரென்று துள்ளி, அசையாத கோடுகளில் போய்ச் சேர்ந்து வட்டமாகவோ குறுக்குக் கோடாகவோ நிற்கும். வட்டச் சவ்வின் இயல்பு அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் ஏறுபவை. வீணை நரம்பைப் போல 1, 2, 3 என்று ஏறுவதில்லை. அதனால் ஒரு சுருதியில் உருவம் வந்தால் அதன் மேல் ஸ்தாயியிலும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தேடலில்தான் பிள்ளைகள் மேசையை விட்டு நகராமல் நிற்பார்கள். உருவம் ஒரு பக்கமாகவே சாய்ந்து வந்தால் தோல் ஒரு பக்கம் கூட இழுபட்டிருக்கிறது. ஒன்றுமே துள்ளவில்லை என்றால் ரவை கூடிப்போயிற்று, அல்லது மூட்டில் காற்றுக் கசிகிறது, அல்லது பிள்ளை குரல் கொடுக்காமல் ஊதிக்கொண்டிருக்கிறது. வெப்பத்தில் இறப்பர் தளரும். மதியத்துக்குப் பிறகு சவ்வை மீண்டும் இழுத்துக் கட்டுங்கள், மறுநாள் காலையில் புதுத் தோல் போடுங்கள். மத்தளம் கட்டத் தெரிந்த ஓர் அண்ணாவியார் (கூத்து ஆசான்) உங்கள் பிரதேசத்தில் இருந்தால் அவரையே அழையுங்கள். இழுவைச் சீராக்குவது எப்படி என்று அவருடைய விரலுக்குத் தெரியும்.

இப்போது மின்சார ஏற்பாடு. வேண்டியவை: ஒருதிசை டைனமிக் மைக் இரண்டு, எக்ஸ்எல்ஆர் வயர், இரண்டு மைக் போடக்கூடிய யுஎஸ்பி ஒலி இடைமுகம், லப்டொப், புரொஜெக்டர், யுபிஎஸ். கொண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும் என்று விற்பவர் சொல்வார். அதற்கு 48 வோல்ட் கொடுக்க வேண்டும், கடற்கரை ஈரத்தில் பொரிந்த சத்தம் எழுப்பும், பக்கத்து மண்டபத்தில் நடப்பதையும் சேர்த்து எடுக்கும். விழா மேடைகளில் பழகிய சாதாரண டைனமிக் மைக்கே இந்த வேலைக்குச் சரி. ஒரு மைக்கைத் தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்திலும், மற்றதை 1 மீற்றர் உயரத்திலும் நிலையாகப் பூட்டுங்கள். இரண்டாவது பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும். கையில் கொடுத்தால் ஒருவர் வாயோடு வைப்பார், ஒருவர் நெஞ்சோடு வைப்பார். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டித்தால் மட்டம் 6 டெசிபல் இறங்கும். 10 சென்ரிமீற்றரில் பேசியவர் 40 சென்ரிமீற்றருக்குப் போனால் 12 டெசிபல் போய்விடும். சத்தத்தை உருவத்தின் அளவாக்கும் படத்துக்கு அது பெரிய பொய். நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் பாத அடையாளமாக ஒட்டுங்கள்.

அடுத்தது நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். இணைய உலாவியில் ஓடும் நிரலாக இதைச் செய்தால் (பி5 போன்ற இலவச நிரல் நூலகங்களால் செய்வது இலகு, மாணவர்களும் கற்றுக்கொள்ளலாம்) மைக்கைத் திறக்கும் வரியில் எதிரொலி நீக்கல், இரைச்சல் நீக்கல், தன்னியக்க ஒலிமட்டம் ஆகிய மூன்றையும் நிறுத்திவையுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் உலாவி இவற்றைத் தானே போட்டுவிடும். தொலைபேசி உரையாடலுக்காக உண்டான வசதிகள் இவை. தொடர்ந்து ஒரே மாதிரி நீளும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டுவது அவற்றின் வேலை. கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில் எழும் குரவையை (பெண்கள் நாவை ஆட்டி எழுப்பும் குலவை ஒலியை) போட்டுப் பாருங்கள்: முதலில் கொஞ்சம் வரும், பிறகு மங்கும், சுவர் வெறுமையாகும். தாலாட்டின் இழுவையும், கவி பாடும்போது அடியின் முடிவில் நீளும் குரலும் இப்படியே போகும். தன்னியக்க ஒலிமட்டம் இன்னொரு கேடு செய்யும். முணுமுணுப்பையும் கூவலையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். மூன்றையும் நிறுத்தாமல் "குரலுக்குப் படம் சரியாக வரவில்லை" என்று மைக்கை மாற்றிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

குரவையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி ஒலியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அலசும். செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரிகள் எடுக்கும் வேகத்தில் 4,096 மாதிரிகள் கொண்ட துண்டு 93 மில்லிசெக்கன் நீளம். சுருதியை நுணுக்கமாகச் சொல்லும், ஆனால் அந்த நேரத்துக்குள் நடந்த நாவின் ஆட்டத்தையெல்லாம் குழைத்து ஒரே சாயமாக்கிவிடும். 1,024 என்றால் 23 மில்லிசெக்கன். ஆட்டம் தெரியும், சுருதியோ 43 ஹேர்ட்ஸ் படிகளாகக் கரடுமுரடாகும். 2,048இல் தொடங்கி, துண்டுகளை நான்கில் மூன்று பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு அலசுங்கள். சுருதிக்கு இந்த நிறமாலையை நம்பாமல் தன்னொப்பீட்டு முறையை (ஒலியலையை அதனோடேயே தள்ளிவைத்து ஒப்பிட்டு, அது திரும்ப வரும் இடைவெளியைக் காணும் முறையை) தனியாக ஓடவிடுங்கள். குரலுக்கும் படத்துக்கும் இடையில் மொத்தமாக 100 மில்லிசெக்கனுக்குமேல் போகக் கூடாது. போனால் படம் தன் குரலிலிருந்து வருவதாகப் பேசுபவர் உணரமாட்டார். யாரோ போட்ட வீடியோ என்று நினைப்பார்.

சுருதியை உயரமாக்கும்போது ஹேர்ட்ஸை அப்படியே போட்டால் பெண்களின் கோடும் பிள்ளைகளின் கோடும் மேல் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், ஆண்களின் கோடு அடியில் சுருண்டு கிடக்கும். வளர்ந்த ஆணின் பேச்சு ஏறத்தாழ 85 முதல் 180 ஹேர்ட்ஸ், பெண்ணின் பேச்சு 165 முதல் 255, சிறு பிள்ளையுடையது 300 தொட்டும் போகும். காதுக்கு 100 இலிருந்து 200 போவதும், 200 இலிருந்து 400 போவதும் ஒரே ஏற்றம். ஆகவே மடக்கை அளவில் போடுங்கள். முதல் இரண்டு செக்கனில் அவரவர் நடுச்சுருதியை எடுத்து, அதைச் சுவரின் நடுக்கோடாக வைத்து, அங்கிருந்து ஏற்ற இறக்கத்தைக் காட்டுங்கள். பெரியம்மாவின் ஏச்சும் பேரனின் கெஞ்சலும் அப்போதுதான் அதனதன் வடிவத்தில் தெரியும்.

நீளத்துக்கு வேறெங்கும் அளவுகோல் தேட வேண்டாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் வகுத்த கணக்கு அகலத்துக்கு அப்படியே பொருந்தும். "பல்", "பால்" இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் இரண்டாவதன் உயிரொலிப் பட்டை ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலமாக வர வேண்டும். "பக்கம்" என்று சொல்லும்போது நடுவில் க்க-வுக்காக வாய் அடைபடும் சிறு மௌனத்தையும் வெற்றிடமாகவே விடுங்கள். நிரல் எழுதுபவர் அதை "ஒலி அறுந்துவிட்டது" என்று நிரப்பப் பார்ப்பார், விடாதீர்கள். உயிரொலிகளுக்கு உருவம் கொடுக்கவும் வாயே வழிகாட்டும். ஆ-வுக்கு வாய் அங்காக்கிறது, ஊ-வுக்கு இதழ் குவிகிறது. ஒலியிலும் அது தெரியும்: வளர்ந்த ஆணின் குரலில் ஆ-வின் முதல் ஒத்ததிர்வு (வாய்க்குழி வலுப்படுத்தும் அதிர்வு) 700 ஹேர்ட்ஸ் பக்கத்திலும் இரண்டாவது 1,200 பக்கத்திலும், ஈ-யினுடையவை 300, 2,300 பக்கத்திலும், ஊ-வினுடையவை 300, 800 பக்கத்திலும் நிற்கும். முதலாவதைத் திறப்பாகவும் இரண்டாவதைக் கூர்மையாகவும் கொண்டால் ஆ விரிந்த மலராகவும், ஈ நீண்ட இலையாகவும், ஊ குவிந்த மொட்டாகவும் வரும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த எண்கள் உயர்வாக இருக்கும். இதையும் ஆளுக்கேற்ப ஏற்ற வேண்டும்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். ழகரத்தைச் சரியாகச் சொன்னால் தங்க நிறம், பிழையாகச் சொன்னால் கறுப்பு என்று எவராவது யோசனை கொண்டுவந்தால் அதை நிராகரியுங்கள். எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிக்கும் இடங்கள் ஏராளம். பள்ளிக்கூடத்தில் அதற்காகத் தலைகுனிந்த பிள்ளையைக் கண்காட்சியிலும் குனியவைப்பதற்கா நாம் இதைச் செய்கிறோம்? திக்கிப் பேசுபவர்களுக்காகவும் இதே கவனம் வேண்டும். மூன்று செக்கன் மௌனம் வந்தவுடன் "நன்றி" என்று முடித்துவிடும் நிரல்கள் அவர்களைப் பாதியில் வெட்டும். குறைந்தது பத்துச் செக்கனாவது காத்திருக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் உறுதியாக ஓடத் தொடங்கிய பிறகுதான் சொல் அடுக்கு. இணையத்துக்குக் குரலை அனுப்பாமல் லப்டொப்பிலேயே ஓடும், பேச்சை எழுத்தாக்கும் மாதிரிகள் (மொடல்கள்) உள்ளன. அவற்றில் ஒன்றான, 2022இல் வெளிவந்த விஸ்பர் தமிழையும் எழுதும். அதன் மிகச் சிறிய வடிவங்கள் தமிழுக்குப் போதாது, 24.4 கோடி அளவுருக்கள் கொண்ட "சிறிய" வடிவத்திலிருந்துதான் பார்க்கலாம். சாதாரண லப்டொப்பில் ஒரு வசனத்துக்குச் சில செக்கன்கள் எடுக்கும். எடுக்கட்டும். குரலின் உருவம் உடனே வந்துவிட்டதால், சொல் பின்னால் மெல்ல வந்து அந்த உருவத்துக்குள் படிந்தால் போதும். மௌனத்தையோ மின்விசிறிச் சத்தத்தையோ இதற்குக் கொடுத்தால் யாரும் பேசாத வசனங்களைத் தானே எழுதும். பேச்சு இருக்கிறதா என்று பார்க்கும் காவல் ஒன்றை முன்னால் வைத்து, அரைச் செக்கனுக்குக் குறைந்த துண்டுகளைத் தள்ளிவிடுங்கள். மாதிரி தரும் நம்பிக்கை மதிப்பு குறைவாக இருந்தால் சொல்லே வேண்டாம், உருவம் நிற்கட்டும்.

சொல்லுக்குப் படம் வரையச் செயற்கை நுண்ணறிவை இணைக்கும் திட்டங்களையும் யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள். சம்மாந்துறைப் பக்கம் "வேளாண்மை" என்றால் வயலில் நிற்கும் நெல். அதை ஆங்கிலத்துக்கு மாற்றிப் படம் கேட்டால் பொதுவான விவசாயம் என்றாகி, கோதுமை வயலும் பெரிய உழவு இயந்திரமும் வந்து நிற்கலாம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்சிக் கலை படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். தோணி, வாவி, பன்பாய், எருமைத் தயிர், வேளாண்மை வெட்டு, கூத்துக் களரி என்று 200 சொற்களைத் தேர்ந்து அவர்களைக் கொண்டு வரைவித்தால் அந்த 200 படமும் உங்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் உதவும்.

எழுத்து சுவரில் விழும்போது நடக்கும் விபத்து ஒன்று உண்டு. "கொக்கட்டிச்சோலை" என்று எழுதிப் பாருங்கள். எங்கள் கணக்கில் எட்டு எழுத்து. கணினிக்குள் அது 15 குறியீடு: புள்ளி தனி, கொம்புக் குறி தனி, விசிறி தனி. ஆங்கிலத்துக்குப் பழகிய நிரல் இதை 15 துண்டாக வெட்டி ஒவ்வொன்றாகப் பறக்கவிடும். க ஒரு பக்கம் போக, அதன் புள்ளி வெறும் வட்டத்தின்மேல் ஏறித் தனியாக மிதக்கும். சில மென்பொருள்களில் இன்னும் மோசம். கொம்பு க-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். உலாவி தமிழை ஒழுங்காகக் கோக்கும், ஆனால் வெட்டுவது உங்கள் நிரல். எழுத்தெல்லை பார்த்து வெட்டும் செக்மென்டர் வசதியைக் கொண்டே வெட்டச் சொல்லுங்கள். உலாவிக்கு வெளியே செய்பவர்கள் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் நூலகத்தை இணைக்க வேண்டும். வேலையை ஏற்கும் முன் இந்த ஒரு சொல்லைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கொ, சோ, லை மூன்றும் அதில் இருப்பதால் ஒளிக்க இடமில்லை.

மண்டபம் பற்றிச் சுருக்கமாக. சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் குரலைத் திருப்பித் திருப்பி அடிக்கும். மாத்திரைக் கணக்கு குழம்பும். மைக்குக்குப் பின்னாலும் இரு பக்கத்திலும் மருதமுனைக் கைத்தறியில் தடித்த துணியை இரண்டு மடிப்பாகச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். மாரியில் தகரக் கூரை மண்டபமே வேண்டாம், மழைச் சத்தம் எல்லாக் குரலையும் தின்றுவிடும். கச்சான் வீசும் மாதங்களில் திறந்த வெளியில் வைத்தால் மைக்குக்குத் தடித்த காற்றுறை போட்டு, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். உறையைத் தினமும் கழுவ வேண்டும், மாற்று உறை நான்கு வைத்திருங்கள். 3,500 லூமன் புரொஜெக்டர் 3 மீற்றர் அகலப் படத்துக்கு ஏறத்தாழ 690 லக்ஸ் தரும். இருட்டிய மண்டபத்துக்கு அது தாராளம், பகல் வெளிச்சத்தில் ஒன்றுமில்லை.

கரண்ட் போய் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். லப்டொப் மீண்டும் தொடங்கி நிரலும் திறக்கும், ஆனால் யாராவது ஒரு தடவை திரையைத் தொடும்வரை உலாவி ஒலியை இயக்காது. பொறுப்பாளருக்கு இது தெரியாவிட்டால் அன்று மாலை முழுக்கச் சுவர் ஊமையாக நிற்கும். யாரும் பேசாதபோது 100 ஹேர்ட்ஸ் உயரத்தில் அசையாத கோடு ஒன்று தெரிந்தால் அது மின் இரைச்சல். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதன் இரட்டிப்பை நிரல் ஓர் ஆணின் குரலென்று நினைக்கிறது. லப்டொப்பையும் புரொஜெக்டரையும் ஒலி இடைமுகத்தையும் ஒரே பிளக் வரிசையிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கடைசியாக, குரல் யாருடையது என்பது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் இதைக் கேட்டிருப்போம். போரையும் 2004 மார்கழிக் கடலையும் கண்ட மாவட்டங்கள் இவை. மைக்கின் முன் வந்து நிற்கும் தாய், வராமல் போன பிள்ளையின் பெயரைச் சொல்லக்கூடும். அந்தக் குரல் எந்த வட்டிலும் பதியக் கூடாது, எந்த வெளிநாட்டுச் சேவையகத்துக்கும் போகக் கூடாது. நிரல் கடைசி ஐந்து செக்கன் ஒலியை மட்டும் நினைவகத்தில் வைத்து மேலெழுதிக்கொண்டே போகட்டும் (விஸ்பருக்குக் கொடுக்கும் துண்டு எழுத்தானவுடன் அழியட்டும்). லப்டொப்பின் இணையத்தை முழுவதுமாகத் துண்டித்துவிடுங்கள். அதன்பிறகும் கண்காட்சி ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடாவிட்டால் குரல் வெளியே போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். "இங்கே குரல் பதிவாகாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மைக்கின் அருகே பெரிதாக எழுதி வையுங்கள். அதை எழுதிவிட்டு, பிறகு நினைவுக்கென்று யாரும் கைத்தொலைபேசியில் பதிவு செய்யவும் விடாதீர்கள்.

கேள்விமனுவில் மூன்று நிபந்தனைகளைச் சேருங்கள். நிரல் மூலத்துடன் உங்கள் கையில் தரப்பட வேண்டும். இணையமில்லாமல் ஓட வேண்டும். திறப்பதற்கு முன் அதே மண்டபத்தில் இரண்டு மாலை சோதனை நடக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு அதிகாரிகளை மட்டும் அழைக்காதீர்கள். கவி சொல்லும் அக்கரைப்பற்று உம்மா ஒருவரையும், கடலில் கூவிப் பழகிய தோணிக்காரர் ஒருவரையும், ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றையும், காது கேளாத மாணவர் ஒருவரையும் நிற்க வையுங்கள். காது கேளாதவர் தன் குரல் சுவரில் அசைவதைக் கண்டு அதை ஏற்றி இறக்கிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நால்வருக்கும் ஒரே மாதிரிப் படம் வந்தால் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒலி, ஒளி, நிரல் வேலை செய்யும் சிலர்